தாம்பூலப் பைக் கணக்கு

அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். அவரிடம் படித்து இப்போது டாக்டராகிவிட்ட பிள்ளைகள் சேர்ந்து மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கைப் பிடித்திருக்கிறார்கள். விழா மலரும் போடுகிறார்கள். "நீங்களும் சாரும் ஒண்ணா வேலை பார்த்தவங்க மேடம், சாரைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்று ஒரு பெண் போனில் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, என்னிடம் இருப்பது மலரில் போடுகிற சரக்கு இல்லை. அதனால் மலருக்குத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு, இதை எனக்காக எழுதுகிறேன். பெயர் போடவில்லை. பெயரைச் சொன்னால் தி.நகரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அவர் கெமிஸ்ட்ரி, நான் பாட்டனி. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் கோடவுன், மேலே இரண்டு மாடியும் எங்கள் நீட் கோச்சிங் சென்டர். லிஃப்ட் உண்டு, ஓடாது. பிசிக்ஸுக்கு ஒருவர், ஜுவாலஜிக்கு ஒருவர், அவர், நான் என்று நாலு பேர். என் கணவர் ராயப்பேட்டையில் நடத்திவந்த அச்சகத்தை மூடிவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. மந்தைவெளி வீட்டு வாடகை, மகளின் காலேஜ் எல்லாம் என் ஒருத்தி சம்பளத்தில்தான் ஓடின. அந்த வேலை போனால் வீடு நின்றுவிடும். இது அவருக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.

குள்ளமான மனுஷர். நங்கநல்லூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கி, அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து எப்படியோ கசங்காத சட்டையோடு வந்து சேருவார். பையில் எப்போதும் நாலைந்து மார்க்கர் செருகியிருக்கும். எதையாவது யோசித்தால் ஒன்றை எடுத்து அதன் மூடியைத் திறந்து திறந்து மூடுவார். டிக், டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் விடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

லிமிட்டிங் ரீஏஜென்ட் என்ற பாடத்தில்தான் அவர் கொடி பறந்தது. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அதற்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பெயர். அவர் இரண்டையும் சொல்ல மாட்டார். "முதல்ல தீர்றது" என்பார், அவ்வளவுதான். முதல் நாள் வகுப்பில் போர்டில் ஒரு பை படம் போடுவார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை.

"ஒரு பைக்கு ஒரு தேங்காய், ரெண்டு வெத்தலை. கையில அறுபது தேங்காய் இருக்கு, நூறு வெத்தலை இருக்கு. எது முதல்ல தீரும்?"

தேங்காய் சார் என்று மொத்த வகுப்பும் கத்தும். அவருக்கு அதுதான் வேண்டும். அறுபதை விட நூறு பெரிசு, ஆகையால் தேங்காய்தான் தீரும் என்று நினைக்கிறாய், அப்படித்தானே என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். பிறகு நிதானமாக வகுப்பார். பைக்கு இரண்டு வெற்றிலை என்றால் நூறு வெற்றிலை ஐம்பது பைக்குத்தான் காணும். பத்துத் தேங்காய் சும்மா கிடக்கும். கல்யாண வீட்டு மாமா எவ்வளவு கெஞ்சினாலும் ஐம்பத்தோராவது பை வராது. அதே கையோடு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆவதற்கு வந்துவிடுவார். நைட்ரஜன் இரண்டு மோல், ஹைட்ரஜன் ஐந்து மோல் இருக்கிறது. ஒரு நைட்ரஜன் மூன்று ஹைட்ரஜனைக் கேட்கும். ஐந்தை மூன்றால் வகுத்தால் இரண்டுகூடத் தேறவில்லை, ஆகவே தீர்வது ஹைட்ரஜன். ஒரு பிள்ளை முகத்திலும் அதற்குப் பிறகு குழப்பம் இருக்காது.

"நம்பரைப் பார்த்து ஏமாறாதே. வகு. வகுத்ததுக்கு அப்புறம் பேசு" என்பதுதான் அவருடைய வேதவாக்கு. வராந்தாவில் நின்று நானே பல தடவை கேட்டிருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. இதை வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பாடத்தோடு விட்டால் பரவாயில்லை. எங்கே போனாலும் அவருக்கு இதே கணக்குதான். ஜுவாலஜி சாரின் மகள் கல்யாணத்துக்கு லஸ் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தோம். ஐஸ்கிரீம் மேஜை முன்னால் நின்று மூடியை டிக் டிக் என்று தட்டினார். ஐஸ்கிரீம் தீராது மேடம், ஸ்பூன் தீரும் என்றார். கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவைக்காரிகள் பீடா வெற்றிலையை மடித்து ஐஸ்கிரீமை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு ஸ்பூனை முன்பே பையில் போட்டு வைத்திருந்தார். எனக்கும் ஒன்று எடுத்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு தடவை அவரும் நானும் மழையில் மாட்டிக்கொண்டோம். பாண்டி பஜார் முழுக்க முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டிக்குள்ளேயே காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மந்தைவெளி வருவீர்களா என்று கேட்டேன்.

"வண்டி கீது, பெட்ரோல் கீது, நானும் சும்மாதான் குந்திகினு கீறேன். ரோடு எங்க கீதுக்கா?" என்றார் அவர்.

இவருக்கு வந்ததே சந்தோஷம். பார்த்தீர்களா மேடம், முதலில் தீர்ந்தது ரோடு என்று ஆட்டோக்காரர் தோளைத் தட்டினார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். நனைந்துகொண்டே மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கெல்லாம் சாரை எனக்குப் பிடித்திருந்தது.

மனிதர்கள் மேல் அவர் அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தபோதுதான் உறுத்தியது. இந்தப் பையனிடம் மூளை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, முதலில் தீர்வது தூக்கம் என்பார். அந்தப் பையனிடம் எல்லாம் இருக்கிறது, பொறுமைதான் தீரும் என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அம்மா மீன் விற்கிறவர். பெண் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவள், படு கெட்டிக்காரி. ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி, உனக்கு முதலில் தீர்வது இங்கிலீஷ் என்று அறிவித்துவிட்டார். அதற்கடுத்த நாள் முதல் அவள் வரவில்லை.

அவள் அம்மா வந்தார். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றார்.

"எம்பொண்ணுக்கு இன்னா கொறயுதுன்னு சொன்னீங்களாமே சார்?"

"இங்கிலீஷ்தாம்மா. மத்தபடி நல்லாப் படிக்கிற பொண்ணு."

"அத்த சொல்லித் தருவீங்கன்னுதான இங்க சேத்தேன்."

அவர் மார்க்கரைத் திறந்தார், மூடினார். அனுப்பி வையுங்கள் அம்மா, பார்த்துக்கலாம் என்றார். பெண் திரும்பி வந்தாள், ஆனால் அவர் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. எது குறைகிறது என்று கண்டுபிடித்தவுடன் அவருக்கு வேலை முடிந்துவிடும். குறைவதைக் கொண்டுவந்து போடுவது அவர் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

இனி பீரியட் விஷயத்துக்கு வருகிறேன். கோச்சிங் சென்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாடம் முடியவில்லை என்றால் ஒருவர் இன்னொருவரிடம் பீரியட் கேட்பார். கேட்பது எப்போதும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்தான், கொடுப்பது எப்போதும் பாட்டனிதான். பாட்டனி படித்தால் வந்துவிடும், அதற்கு எதற்கு வகுப்பு என்று முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை ஒரு நினைப்பு. பிள்ளைகளுக்கும் அதே நினைப்பு. இவர் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார், ஒரு கையில் மார்க்கர், இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய பொட்டலத்தில் வாழைப்பூ வடை. "மேடம், ஒரே ஒரு பீரியட். அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன்." அவரைப் பார்த்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதற்கு மேல் நான் எப்படி மாட்டேன் என்பேன்? வடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அடுத்த வாரம் மட்டும் வந்ததே கிடையாது. அந்த வருஷம் ஒளிச்சேர்க்கையைப் பாதியில் விட்டேன், மரபியலைத் தொடவே முடியவில்லை. திருப்பிக் கேட்டபோதெல்லாம், மோல் கணக்கு முடியட்டும் மேடம், மொத்தமாகத் தந்துவிடுகிறேன் என்றார். மோல் கணக்கு முடியவே இல்லை.

ரிசல்ட் வந்தது, அடி. எதிர்பார்த்ததில் பாதிப் பேருக்குக்கூட சீட் கிடைக்கவில்லை. டைரக்டர் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சின்ன வயசுக்காரர், பெங்களூரில் படித்துவிட்டு வந்து அப்பாவின் பணத்தில் சென்டர் ஆரம்பித்தவர். சுவர் டிவியில் நாலு பாடத்து மார்க்குக்கும் நாலு பட்டை போட்டிருந்தார். பாட்டனிப் பட்டை எல்லாவற்றையும் விடக் குட்டையாக நின்றது. யாரையாவது மாற்றியாக வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள் என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"உங்க பாஷையிலயே கேக்கறேன் சார். நம்மகிட்ட எது முதல்ல தீர்ந்தது?"

டிக், டிக் என்று ஆரம்பித்தது. எனக்கு உண்மையில் பயமே இல்லை அப்போது. இந்த ஊரில் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொல்லக்கூடிய ஒரே ஆள் என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார் என்று தைரியமாக இருந்தேன். குட்டைப் பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தப் பாடத்துக்குக் கிடைத்த வகுப்பு எத்தனை, வகுத்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சத்தம் நின்றது.

"பாட்டனி" என்றார்.

"வகுத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

டைரக்டருக்கு என் கேள்வி புரியவில்லை. பிசிக்ஸ் சாருக்குப் புரிந்தது, அவர் ஜன்னலுக்கு வெளியே கோடவுன் லாரியைப் பார்க்க ஆரம்பித்தார். இவர் என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தே பதில் சொன்னார். "மார்க்கே சொல்லுதே மேடம்."

நான் விடவில்லை. என் வகுப்புகள் எங்கே போயின என்று டைரக்டரிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சார் கேட்டால் நீங்கள் ஏன் கொடுத்தீர்கள் என்றார். அதற்கு என்ன சொல்வது? வடை கொடுத்தார் என்றா? அந்த மாதத்தோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாடிப்படியில் ஜுவாலஜி சார் என் பின்னாலேயே இறங்கி வந்து, எனக்கும் குடும்பம் இருக்கிறது மேடம், தப்பா நினைக்காதீங்க என்றார். அவராவது வந்து சொன்னார். கெமிஸ்ட்ரி சார் மேலே அடுத்த பேட்சுக்குத் தாம்பூலப் பையைப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தேங்காய் சார் என்று கத்தியது தெருவரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு பட்ட பாட்டை விரிவாக எழுதப் போவதில்லை. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வளையல் போயிற்று. மந்தைவெளி வீட்டைக் காலி செய்துவிட்டு வேளச்சேரி பக்கம் சின்ன வீட்டுக்குப் போனோம். கடைசியில் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பாட்டனிக்கு வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்துக்கு. அந்த நாட்களில் என்னைத் தாங்கியது ஒரே ஒரு நினைப்புதான். பாவம், அவசரத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார், தன் பிள்ளைகளை எந்தத் தப்புக்குத் திட்டுவாரோ அதையே தானும் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். பெரிய மேதைகளும் சறுக்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

சில வருஷம் கழித்து ஒருநாள் அவரிடமிருந்து போன். பார்க்க வேண்டும் என்றார். அடையாறு டிப்போ எதிரில் ஒரு டீக்கடையில் நின்றோம். சட்டை கசங்கியிருந்தது. சென்டரில் அவருடைய பாடத்தையெல்லாம் வீடியோ எடுத்துவிட்டார்களாம். தாம்பூலப் பையிலிருந்து கடைசிப் பாடம் வரைக்கும் எல்லாமே அதில் இருக்கிறது. வீடியோ இருக்கும்போது ஆள் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். என் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரிக்கு இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். பிரின்சிபாலிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். நான் டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். என் மௌனத்துக்கு அவராகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார் போலிருக்கிறது.

"அன்னைக்கு வகுத்தீங்களான்னு கேட்டீங்களே மேடம். வகுத்தேன். மீட்டிங்குக்கு வரும்போது ரயில்லயே மனசுக்குள்ள போட்டுப் பார்த்துட்டேன். கிடைச்ச வகுப்புல ஒரு மணிக்கு இத்தனை மார்க்குன்னு பார்த்தா பாட்டனிதான் முதலிடம். கடைசில கெமிஸ்ட்ரி."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். பத்துத் தேங்காய் மிச்சம் என்று சொல்லும்போது வருமே, அதே வெளிச்சம். எனக்கு டீ டம்ளரை அவர் மேல் வீச வேண்டும் போல இருந்தது.

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"டைரக்டருக்கு ஒரு பேர் வேணும் மேடம். என் பேரை நானே எப்படிச் சொல்லுவேன்?"

தப்பாகப் போட்ட கணக்கு என்று நினைத்திருந்தவரைக்கும் அவரை மன்னிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. சரியாகப் போட்டிருக்கிறார். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். வேளச்சேரி வீட்டுக்குச் சாமான் ஏற்றிய வண்டியில் என் கணவர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தது ஞாபகம் வந்தது. டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

பிரின்சிபால் அம்மா மறுநாளே அவர் போட்டிருந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், இவர் எப்படி என்று. பொய் சொல்லியிருக்கலாம். என் பிளஸ் டூ பிள்ளைகள் மோல் கணக்கில் திணறிக்கொண்டிருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் வாய் வரவில்லை. கெமிஸ்ட்ரி நடத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது மேடம், வேலை கொடுங்கள், டைம்டேபிளை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். பிரின்சிபால் அதை ஜோக் என்று நினைத்து நன்றாகச் சிரித்தார். வேலை கொடுத்தார்.

பொதுத்தேர்வு நெருங்கிய சமயம். நான் பிளஸ் டூவில் மரபியல் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. சட்டை பழையபடி கசங்காமல் இருந்தது. ஒரு கையில் மார்க்கர், இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம். பிள்ளைகள் சிலர் கை தட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேடம், ஒரே ஒரு பீரியட். மோல் கணக்கு நிக்குது. அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன்."

"தீர்ந்துபோச்சு சார்" என்றேன்.

கை தட்டல் நின்றுவிட்டது. அவர் மார்க்கர் மூடியை ஒரு தடவை திறந்து மூடினார். பொட்டலத்தோடு திரும்பிப் போனார். நான் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.

மலருக்கு அனுப்பிய நாலு வரியில் கடைசி வரி இது: "எனக்குத் தெரிந்து சார் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை." விழாவில் அதை மேடையில் வாசிப்பார்களாம். எல்லோரும் கை தட்டுவார்கள். அவர் ஒருவருக்குத்தான் புரியும்.